நெறி கட்டிய நாய்க்கு மஞ்சளும் நித்தியகல்யாணியும் போதுமா?

திருச்சியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய ஒன்பது வயது ஆண் லாப்ரடாருக்குத் தாடைக்கு அடியிலும் பின்னங்கால் முட்டிக்குப் பின்புறமும் நெறி கட்டியிருக்கிறது. ஊசியால் செல் எடுத்துப் பார்த்ததில் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்று என்று அறிக்கை வந்திருக்கிறது. மருத்துவர் கீமோ ஊசியைத் தொடங்கலாம் என்கிறார். அம்மாவோ, "வாயில்லாச் சீவனை அப்படி வதைக்க வேண்டாம்" என்கிறார். உறவினர் ஒருவர் மஞ்சளும் மிளகும் நித்தியகல்யாணி இலைக் கஷாயமும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இணையக் கடைகளில் காளான் பொடியும் கஞ்சாச் செடி எண்ணெயும் கண்ணில் படுகின்றன. இவற்றில் எது நல்லது, எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறார். கேள்வியை இரண்டு முறை படித்தபின், அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் பட்டது. கீமோ இல்லாமல் இவற்றை மட்டும் கொடுத்தால் நாய் பிழைக்குமா என்பது ஒன்று. கீமோவோடு சேர்த்துக் கொடுத்தால் கெடுதல் உண்டா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை வேறு வேறு என்பதால் பிரித்தே சொல்கிறேன்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாய், பூனைகளுக்கு மருத்துவம் பார்த்துவருபவன். புற்றுநோயை மட்டுமே பார்க்கும் சிறப்பு மருத்துவன் அல்லன். உங்கள் நாயைத் தொட்டுப் பார்க்காமல், ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படிக்காமல், இத்தனை மில்லிகிராம் என்று இங்கே அளவு எழுதுவது முறையாகாது, எழுதவும் மாட்டேன். ஆனால் முதல் கேள்விக்கு ஐயத்துக்கு இடமில்லாமல் விடை சொல்ல முடியும். மூலிகையோ காளானோ எண்ணெயோ தனியாக நின்று நாயின் லிம்போமாவைக் கட்டுப்படுத்தியது என்று நம்பத்தக்க முறையில் யாரும் காட்டியதில்லை. சிகிச்சையே இல்லாவிட்டால் பெரும்பாலான நாய்கள் நோய் தெரிந்த நாளிலிருந்து நான்கு முதல் ஆறு வாரம்வரை இருக்கும். பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால் ஏறத்தாழ இரண்டு மாதம். 'சாப்' என்று நாங்கள் சொல்லும், நான்கு மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் கீமோ முறையில், புற்று பி-செல் வகையாக இருந்தால் (பி-செல், டி-செல் என்பவை வெள்ளையணுவின் இரண்டு வகைகள்), பாதி நாய்களாவது ஓராண்டை ஒட்டி வாழ்கின்றன. டி-செல் வகையில் அது குறையும். முழுக் குணம் என்று இதைச் சொல்ல முடியாது, பெரும்பாலும் நோய் திரும்பி வரும். ஆனாலும் ஆறு வாரத்துக்கும் ஓராண்டுக்கும் உள்ள தொலைவு ஒரு நாயின் ஆயுளில் சிறியதில்லை. இது வாரக் கணக்கில் வளரும் நோய். ஒரு மாதம் கஷாயம் கொடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கீமோவுக்குப் போகலாம் என்று கிளம்பியவர்கள் என்னிடம் திரும்பி வந்தபோது, நாய் சாப்பாட்டை விட்டு நான்கு நாளாகியிருக்கும். அந்த உடம்பில் ஊசியைத் தாங்கும் தெம்பும் இருக்காது, மருந்து வேலை செய்யும் வாய்ப்பும் குறைந்திருக்கும்.

உறவினர் தந்த பட்டியலில் நித்தியகல்யாணி இருப்பதைப் பார்த்ததும் எனக்குச் சற்றுச் சிரிப்பு வந்தது. மருத்துவர் பெரும்பாலும் முதலில் போடப்போகும் வின்கிரிஸ்டின் என்ற ஊசி அந்தச் செடியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. மடகாஸ்கரிலிருந்து வந்த செடி அது. நம் ஊரில் வேலியோரத்திலும் சுடுகாட்டிலும் தானாக முளைத்துக் கிடக்கும், தென்மாவட்டங்களில் மருந்து ஆலைகளுக்காகப் பயிர் செய்பவர்களும் உண்டு. கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபில் என்ற ஆய்வாளர் 1950களில் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்காகச் சோதித்தார். ஜமைக்காவில் சர்க்கரைக்கு அந்த இலையைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் இருந்ததே காரணம். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. வெள்ளையணுக்கள் குறைந்து, எலிகள் கிருமித் தொற்றில் இறந்தன. வெள்ளையணுவை வீழ்த்தும் பொருள் வெள்ளையணுப் புற்றையும் வீழ்த்துமே என்று பின்தொடர்ந்து போனதில் 1958இல் வின்பிளாஸ்டினும், அதன்பின் வேறோர் ஆய்வகத்தில் வின்கிரிஸ்டினும் கிடைத்தன. அப்படியானால் இலையையே கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்குப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். அந்த இலையில் ஆல்கலாய்டு எனப்படும், உடம்பில் வேலைசெய்யும் வேதிப்பொருள்கள் வேறு நூற்றுக்கு மேல் இருக்கின்றன, சில ரத்த அழுத்தத்தைத் தாழ்த்துபவை. வாய்வழியாகப் போனால் வின்கிரிஸ்டின் ஒழுங்காக உறிஞ்சப்படுவதும் இல்லை. நரம்பில் ஏற்றும் ஊசியாகவே அது இருப்பதற்கு அதுவே காரணம். ஒரு கைப்பிடி இலையைக் கொதிக்கவைத்துப் புகட்டினால் புற்றுக்குப் போதாத மருந்தும், வாந்திக்கும் தள்ளாட்டத்துக்கும் போதுமான நஞ்சும் உள்ளே போகும். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: நாய்க்கு நித்தியகல்யாணி கொடுக்கத்தான் போகிறோம், அளந்து, நரம்பு வழியாக. அதே கீமோ முறையில் வரும் டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு ஊசியும் இத்தாலியில் ஒரு பழங்கோட்டையருகே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரின் வழி வந்ததுதான்.

அடுத்து மஞ்சள். அடுக்களையில் இருக்கும் மஞ்சள்தூளில் குர்குமின் என்ற பொருள் நூற்றுக்கு மூன்று பங்கு போல இருக்கும். அதிலும் குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போவது மிகச் சொற்பம். ஆய்வகத் தட்டில் வைத்த புற்றுச் செல்களைக் குர்குமின் கொல்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தத் தட்டில் ஊற்றும் அளவு நாயின் ரத்தத்தில் ஒருநாளும் சேர்வதில்லை. அதனால்தான் மிளகு சேர்க்கச் சொல்கிறார்கள். பெங்களூரில் மனிதர்களிடம் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில், மிளகிலுள்ள பைபெரின் சேர்ந்தபோது குர்குமின் உறிஞ்சப்படுவது இருபது மடங்கு கூடியது. இந்தச் செய்தி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அது எப்படிக் கூடுகிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. வெளியிலிருந்து வரும் பொருள்களை உடைத்து அனுப்பும் கல்லீரல் நொதிகளைப் பைபெரின் தடுத்து நிறுத்துகிறது. வின்கிரிஸ்டினை உடைத்து வெளியேற்றுவதும் அதே கூட்டத்தைச் சேர்ந்த நொதிகளே. அளந்து போட்ட ஊசி மருந்து உடம்பில் கூடுதல் நேரம் தங்கினால் அளந்ததற்குப் பொருளில்லாமல் போய்விடும். ஒரு நாய்க்கு இந்தச் சேர்க்கையால் இன்ன கேடு வந்தது என்று என்னிடம் ஆதாரம் இல்லை; வரக்கூடிய வழி தெளிவாக இருப்பதால் கீமோ வாரங்களில் பைபெரின் கலந்த குர்குமின் மாத்திரையை நான் அனுமதிப்பதில்லை. அவித்த கோழியில் ஒரு சிட்டிகை மஞ்சள் போடுவதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. அதனால் பலன் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம்.

காளான் பொடிக்கு வருகிறேன். விற்பவர்கள் காட்டுவது 'டர்க்கி டெயில்' என்ற காளானைப் பற்றிப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வு. மண்ணீரலில் ஹெமாஞ்சியோசார்கோமா என்ற ரத்தக்குழாய்ப் புற்று வந்த 15 நாய்களுக்கு அந்தக் காளானின் சாறு மூன்று வெவ்வேறு அளவுகளில் கொடுக்கப்பட்டது. அதிக அளவு பெற்ற குழுவின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி நாய்கள் எட்டிய காலம், 199 நாள் என்று வந்தது, அந்நோய்க்கு அது வியக்கத்தக்க எண். ஆனால் ஒரு குழுவில் இருந்தவை ஐந்தே நாய்கள். காளான் பெறாத நாய்களை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. நல்ல ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட முடிவைக் கண்டால் பெரிதாகச் செய்து பார்ப்பார்கள், அதைச் செய்தார்கள். 101 நாய்களை வைத்து நடந்த அந்த இரண்டாவது ஆய்வு 2022இல் வெளிவந்தது. காளானால் ஆயுள் கூடவில்லை. காளான் மட்டும் பெற்ற பெண் நாய்கள், டாக்ஸோரூபிசின் பெற்ற பெண் நாய்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தன. பல விளம்பரங்களில் இன்னும் 2012தான் ஓடிக்கொண்டிருக்கிறது, 2022 வந்து சேரவேயில்லை. இவையெல்லாம் வேறொரு புற்றைப் பற்றிய ஆய்வுகள் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் நாயின் நோய்க்கு இவற்றை அப்படியே பொருத்த முடியாது.

ஓரளவு நம்பிக்கையோடு பேசக்கூடியவை இரண்டு. ஒன்று மீன் எண்ணெய். லிம்போமா வந்து டாக்ஸோரூபிசின் பெற்ற 32 நாய்களை வைத்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், உணவில் மீன் எண்ணெயும் அர்ஜினின் என்ற அமினோ அமிலமும் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் மீன் எண்ணெயின் டி.எச்.ஏ. என்ற கொழுப்பு கூடிய நாய்களுக்கு, அதுவும் நோய் மூன்றாம் நிலையில் இருந்தவற்றுக்கு, நோயில்லாக் காலம் நீண்டது. சின்ன ஆய்வு, கீமோவோடு சேர்த்துக் கொடுத்தது, அதற்குப் பதிலாக அன்று. ஆனாலும் உடம்பு வற்றிப்போகும் நாய்க்கு அது தீங்கில்லாத துணை என்று நினைக்கிறேன். மருந்துக் கடையில் கிடைக்கும் 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய் மாத்திரையில் வேலைசெய்யும் கொழுப்பு பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான் இருக்கும் என்பதால் அட்டையின் பின்புறத்தைப் படித்து வாங்குங்கள். மீன் ஈரல் எண்ணெயை வாங்கிவிடாதீர்கள், அதில் வைட்டமின் ஏ-யும் டி-யும் மிகுதி, நாளாக நாளாக நஞ்சாகும். பேதியோ கணைய அழற்சியோ வந்த நாய்க்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்த நாய்க்கும் அதை நிறுத்திவிட வேண்டும். இரண்டாவது, கல்லீரலுக்கான எஸ்-அடினோசைல்மெத்தியோனின், சிலிபின் சேர்ந்த மாத்திரை. லோமஸ்டின் என்ற கீமோ மருந்து பெற்ற 50 நாய்களில், அதைச் சேர்த்துக் கொடுத்தவற்றில் 68 விழுக்காட்டுக்கும், கொடுக்காதவற்றில் 84 விழுக்காட்டுக்கும் கல்லீரல் நொதிகள் ஏறின. புற்றை அது தொடவில்லை, மருந்தின் சூட்டைச் சற்றுத் தணித்தது. துணை மருந்து என்ற சொல்லுக்கு நான் காட்டக்கூடிய நேர்மையான எடுத்துக்காட்டு அதுதான். நம் வீடுகளில் அந்த இடத்தில் கீழாநெல்லியை வைக்கிறார்கள். நாயின் கீமோவில் அதை யாரும் அப்படி அளந்து பார்க்கவில்லை.

மற்றவற்றை விரைவாகக் கடக்கலாம். கஞ்சாச் செடி எண்ணெயில் உள்ள சி.பி.டி., மூட்டு வலியுள்ள நாய்களுக்கு ஓரளவு உதவியதாகக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வு காட்டியது, அதே ஆய்வில் ஒரு கல்லீரல் நொதியும் ஏறியது. புற்றுக்கு அப்படி ஒன்றும் காட்டப்படவில்லை. விதையிலிருந்து பிழிந்த எண்ணெயில் சி.பி.டி. கிட்டத்தட்ட இல்லவே இல்லை, போதை தரும் டி.எச்.சி. கலந்த எண்ணெயாக இருந்தாலோ நாய் தள்ளாடி, சிறுநீர் சொட்டச் சொட்ட விழுந்து கிடக்கும். வைட்டமின் சி-யை நாயின் கல்லீரல் தானே தயாரித்துக்கொள்கிறது. அதைப் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளை அள்ளிக் கொடுப்பது புற்றுச் செல்லையும் சேர்த்துக் காக்கக்கூடும் என்ற ஐயம் இன்னும் தீரவில்லை. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை, புற்றுக்கு நல்லது என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். வைட்டமின் பி17 என்ற பெயரில் விற்கும் பாதாமி (ஆப்ரிகாட்) பழ விதை உடம்பில் சயனைடாக மாறும். திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். மனிதர்களுக்கான மெல்லும் மாத்திரைகளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். கொஞ்சம் போனாலும் நாயின் சர்க்கரை சடாரென்று இறங்கும்.

"எங்கள் தெரு நாய்க்கு மூலிகையிலேயே கட்டி போய்விட்டது" என்று பலர் சொல்வார்கள், பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைப்பதில்லை. இளம் நாய்களின் தோலில் வரும் ஹிஸ்டியோசைட்டோமா என்ற சிவந்த கட்டி இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே அமுங்கிவிடும். அந்த இரண்டு மாதமும் தடவிய வேப்பிலைக்குப் பெயர் கிடைத்துவிடும். நம் தெருநாய்களின் பிறப்புறுப்பில் புணர்ச்சி வழியே தொற்றி வரும் கட்டியும் சில நேரம் தானே சுருங்கும். தேநீர்க் கடைக்காரர் ஒருவர் கடைவாசலில் கிடந்த நாயின் அந்தக் கட்டிக்கு மூன்று மாதம் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியிருந்தார். அது சுருங்காமல் பூக்கோசு போல வளர்ந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. வாரம் ஒன்றாக நான்கு வின்கிரிஸ்டின் ஊசியில் கட்டி மறைந்தது. நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு: உண்ணிக் காய்ச்சலிலும் நாய்க்கு நெறி கட்டும், தட்டணு குறையும். தொட்டுப் பார்த்து மட்டும் புற்று என்று யாராவது சொல்லி, அதன்பின் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தோ காலமோ குணமாக்கிய நாய்களும் இந்த மூலிகைக் கதைகளில் இருக்கும். உங்களுக்குச் செல் பரிசோதனை முடிந்துவிட்டது என்றாலும், உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையும் செய்தார்களா என்று கேளுங்கள். லிம்போமாவில் பி-செல்லா டி-செல்லா என்று பார்க்கவும் கேளுங்கள்.

பெயரில்லாத சூரணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பொட்டலத்தைக் கொடுத்த மூன்றாம் நாளே நெறி வற்றி, நாய் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்து, இரவில் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்து, தட்டை வழித்து நக்கினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று முதலில் சந்தேகிப்பேன். லிம்போமாவில் ஸ்டீராய்டு முதலில் நன்றாகவே வேலை செய்யும். சில வாரங்களில் புற்றுச் செல்கள் அதற்குப் பழகிவிடும், அப்படிப் பழகிய செல்கள் பின்னால் வரும் கீமோவுக்கும் எளிதில் மசியாது. ஆகவே தெரியாத பொடி ஒன்று உங்கள் மருத்துவரின் கையிலுள்ள சிறந்த ஆயுதத்தை மொண்ணையாக்கிவிடலாம். பஸ்பம், செந்தூரம் சேர்ந்தவற்றில் உலோகம் இருக்கும் வாய்ப்பும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததை 2004இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மனித உடம்புக்கு வகுத்த முறையை நாயின் கல்லீரலுக்கு யாரும் அளந்து தரவில்லை என்பதே என் தயக்கம்.

உங்கள் அம்மாவின் அச்சத்துக்கு வருகிறேன், ஏனென்றால் முடிவை எடுக்கப்போவது அந்த அச்சம்தான். கீமோ என்றதும் அவர் கண்முன் வருவது மனிதர்கள் படும் பாடு. நாய்க்கு மருந்தின் அளவைக் குறைத்தே வகுத்திருக்கிறார்கள். எப்படியாவது புற்றை வேரறுப்பது என்பதைவிட, இருக்கும் நாளை நல்லபடியாக வைத்திருப்பதே அங்கே நோக்கம். பெரும்பாலான நாய்கள் ஊசி போட்ட மாலையே வாலாட்டிக்கொண்டு சோறு தின்னும். சிலவற்றுக்கு இரண்டு மூன்று நாள் வாந்தியோ பேதியோ வரும். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போவது இருபதில் ஒன்று போல. லாப்ரடாருக்கு மீசை முடி உதிரலாம், மொட்டையாவதில்லை. ஊசிக்கு ஒரு வாரம் கழித்து வெள்ளையணு மிகத் தாழும், அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. செலவோ அலைச்சலோ தாங்காதென்றால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை டாக்ஸோரூபிசின் மட்டும் போடும் எளிய முறை உண்டு. பலன் முழு முறையைவிடக் குறைவு, ஒன்றுமில்லாமல் இருப்பதைவிட மிகக் கூடுதல். அதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது பாவமில்லை. பிரட்னிசலோனும் வாந்தி மருந்தும் கொடுத்து, பசியைக் காத்து, கடைசி வாரங்களை வீட்டிலேயே கழிக்கவிடுவதும் மருத்துவம்தான். அந்த நிலையில் சிட்டிகை மஞ்சளையோ இரண்டு துளசி இலையையோ நான் தடுப்பதில்லை.

கீமோவைத் தொடங்குவதென்றால், இப்போது வீட்டில் கொடுத்துக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும், டானிக், வைட்டமின், உறவினர் தந்த கஷாயம் உட்பட, ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். திட்டுவார் என்று மறைக்க வேண்டாம். புதிதாக எதைச் சேர்த்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டைச் சேர்த்துக் கொடுத்து வாந்தி வந்தால் எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது. புற்றுக்குச் சோறு தீனி போடும் என்று சோற்றை நிறுத்திப் பட்டினி போடாதீர்கள். இந்த நோயில் எடை இறங்குவதைத்தான் நாங்கள் பயப்படுவோம். அவித்த கோழி, முட்டை, கொஞ்சம் சோறு, ஒத்துக்கொண்டால் தயிர். பச்சை இறைச்சி மட்டும் இந்த மாதங்களில் வேண்டாம். நாள்தோறும் காலையில் பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துப் பிடித்தால் ஓர் உருண்டை நழுவும். நல்ல நாளில் அது சுண்டைக்காய் அளவுதான் இருக்க வேண்டும். இப்போது எலுமிச்சை அளவில் இருக்கலாம். அந்த அளவையும், நாய் தின்ற சோற்றின் அளவையும், வாரம் ஒருமுறை எடையையும் ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். முதல் ஊசிக்கு இந்த வாரத்துக்குள் நாள் வாங்கிவிடுங்கள்; பிரட்னிசலோனை அதற்கு முன்பே யாராவது தொடங்கச் சொன்னால், கீமோ பார்க்கப்போகும் மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுவிட்டு மாத்திரையைப் பிரியுங்கள்.